வீங்கிய பிறகு ஃபேக்டர் போட்டால் போதாதா?

வாசகர் கேள்வி: என் மகனுக்கு 4 வயது. கடுமையான ஹீமோபிலியா ஏ, ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதம் சாதாரண அளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று கைக்குழந்தையாக இருக்கும்போதே சொல்லிவிட்டார்கள். இதுவரை எங்காவது வீங்கினால் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஃபேக்டர் போட்டு வந்தோம். கடந்த 5 மாதங்களில் வலது முழங்கால் மட்டும் 3 முறை வீங்கிவிட்டது. அடிபட்டதாகவும் தெரியவில்லை. இனி வாரத்துக்கு 3 நாள் ஃபேக்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் தோலுக்கடியில் போடும் புதிய ஊசிக்கு மாற வேண்டும் என்கிறார் டாக்டர். ‘நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஊசி, உடம்பு மருந்துக்குப் பழகிடும்’ என்று மாமியார் தடுக்கிறார். ஜீன் சிகிச்சை வந்துவிட்டது, கொஞ்சம் பொறு என்கிறார் என் அண்ணன். பள்ளியில் சேர்க்கவே பயமாக இருக்கிறது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இந்த நோய் கிடையாது. என்னால்தான் வந்தது என்று காதுபடவே பேசுகிறார்கள். 10 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். டாக்டர் சொன்ன சிகிச்சையை உடனே ஆரம்பியுங்கள். ஹீமோபிலியா பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். ‘கொஞ்ச நாள் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்ட குழந்தைகளின் முழங்கால்களையும், காலத்தோடு ஆரம்பித்தவர்களின் முழங்கால்களையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

5 மாதத்தில் ஒரே மூட்டு 3 முறை, அதுவும் அடிபடாமலே வீங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். 6 மாதத்துக்குள் ஒரே மூட்டில் 3 முறையோ அதற்கு மேலோ தானாக ரத்தம் கசிந்தால், அதை டார்கெட் ஜாயின்ட் என்கிறோம். நோய் அந்த மூட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று பொருள்.

உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? மூட்டைச் சுற்றி உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கசிந்த ரத்தத்தை உறிஞ்சி அப்புறப்படுத்துவது அதன் வேலை. ஒரு முறை, இரண்டு முறை என்றால் சமாளித்துவிடும். திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால், ரத்தத்தில் இருக்கிற இரும்புச்சத்து அங்கேயே தங்கி, சவ்வு புண்பட்டுத் தடித்துவிடும். தடித்த சவ்வில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைக்கும். அவை மிகவும் நொய்மையானவை, சும்மா நடந்தாலே உடைந்து கசியும். கசியக் கசியச் சவ்வு இன்னும் தடிக்கும். இந்தச் சுழலில் கடைசியில் அரிபடுவது குருத்தெலும்பு. அது ஒரு முறை தேய்ந்துவிட்டால் எந்த ஃபேக்டர் போட்டாலும் திரும்ப வளராது. வீக்கம் வடிந்து, பையன் மறுபடி ஓடியாடும்போது நமக்கு ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும். உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான், பேரன் மேல் இருக்கிற பாசத்தில் கேட்கிறார். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ரத்தம் உறைவதற்கு உடம்பில் ஒரு வரிசையே வேலை செய்கிறது. கிணற்றிலிருந்து வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கை மாற்றுவது போல. அந்த வரிசையில் 8-வது ஆள் இல்லை, குடம் அவரிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. ஃபேக்டர் போடுவது என்றால் அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்துவது, அவ்வளவுதான். இல்லாத ஒன்றைக் கொடுக்கிறோம். பழகிப்போய், அது இல்லாமல் முடியாது என்கிற நிலையெல்லாம் இதில் வராது. நிறுத்தினால் பையன் பழைய நிலைக்குத்தான் போவான், அதைவிட மோசமாகிவிட மாட்டான்.

இது புதிதாக முளைத்த யோசனையும் இல்லை. ஸ்வீடனில் மால்மோ நகரில் இங்கா மாரீ நில்ஸன் என்ற மருத்துவர் 1958-லேயே, ரத்தம் கசிவதற்கு முன்னாலேயே ஃபேக்டர் கொடுக்கும் முறையை ஆரம்பித்துவிட்டார். ஃபேக்டர் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கிறவர்களுக்கு மூட்டுச் சேதம் ரொம்பக் குறைவு என்பதைக் கவனித்து, கடுமையான நோய் உள்ளவர்களையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தால் என்ன என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் இரண்டரை வயதுக்கும் குறைந்த 65 பையன்களை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபேக்டர். இன்னொரு பிரிவுக்கு, கசிந்தால் மட்டும், ஆனால் கசிந்தவுடனே பெரிய அளவில் ஃபேக்டர். 6 வயதானதும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். முதல் பிரிவில் 93 சதவீதம் பேருக்கு மூட்டுகள் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. இரண்டாவது பிரிவில் 55 சதவீதம். அந்த இரண்டாவது பிரிவுக்கும் நல்ல வைத்தியம்தான் நடந்தது. அப்படியும் காத்திருந்ததற்கு மூட்டு விலை கொடுத்திருக்கிறது. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கடுமையான நோய் உள்ளவர்களுக்கு, கசிவதற்கு முன்பே கொடுக்கும் இந்த முன்தடுப்பு சிகிச்சையைத்தான் முறையான சிகிச்சை என்று சொல்கிறது. முழு அளவு கிடைக்காத இடங்களில் குறைந்த அளவிலாவது தொடர்ந்து கொடுப்பது, கசிந்த பிறகு மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்பதும் தெரிந்த விஷயம். அதனால், மருந்து கிடைப்பதில் சிக்கல் இருந்தால் ‘முழுசா முடியலைன்னா வேண்டாம்’ என்று விட்டுவிடாதீர்கள். எவ்வளவு முடியும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, எந்த மருந்து என்பது அடுத்த கேள்வி. இரண்டுமே நல்ல வழிதான்.

ஃபேக்டர் 8 நரம்பில்தான் போட வேண்டும். போட்டதில் பாதி 8 முதல் 12 மணி நேரத்துக்குள் குறைந்துவிடும், சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரமாக. அதனால்தான் வாரம் 3 முறை, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். கூடுதல் நேரம் தாங்குகிற ஃபேக்டர்களும் இப்போது இருக்கின்றன. வாரம் ஒரு முறை போட்டால் போதும் என்கிற ஒன்றுக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.

தோலுக்கடியில் போடும் ஊசி என்று டாக்டர் சொன்னது பெரும்பாலும் எமிசிஸுமாப் ஆகத்தான் இருக்கும். இது ஃபேக்டர் 8 கிடையாது. அந்தக் குடம் மாற்றும் வரிசையில், காலியான இடத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்களைக் கிட்ட இழுத்துச் சேர்த்துவிடுகிற மருந்து. முதல் 4 வாரம் வாரா வாரம் போட்டு ஏற்றிக்கொண்டு, அப்புறம் வாரம் ஒரு முறையோ, 2 வாரத்துக்கு ஒரு முறையோ, 4 வாரத்துக்கு ஒரு முறையோ போடலாம். நரம்பு தேட வேண்டியதில்லை. நரம்பு கிடைக்காத சின்னக் குழந்தைகளின் வீட்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், கிடைக்கிற வசதி இருந்தால் 4 வயதுப் பிள்ளைக்கு இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். ஆனால் மூன்று விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இது கசிவு வராமல் தடுக்கும் மருந்து, வந்த கசிவை நிறுத்தும் மருந்து இல்லை. அதனால் வீட்டில் ஃபேக்டர் கையிருப்பு அப்போதும் வேண்டும். இரண்டாவது, இது உடம்பில் இருக்கும்போது ஏபிடிடி என்ற ரத்தப் பரிசோதனை நார்மல் என்று காட்டும். விவரம் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து ‘உறைதல் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடலாம். கடைசி ஊசி போட்டு மாதக் கணக்கில் ஆனாலும் இந்தக் குழப்பம் இருக்கும். எங்கே வைத்தியத்துக்குப் போனாலும் முதல் வார்த்தையாக மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, ஏபிசிசி என்கிற ஒரு மருந்து இருக்கிறது, இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்குக் கொடுப்பது. அது இதோடு சேர்ந்தால் ரத்தக்கட்டு ஏற்படக்கூடும். அதையும் உங்கள் சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இன்ஹிபிட்டர் என்றால், வெளியிலிருந்து வருகிற ஃபேக்டரை உடம்பு எதிரி என்று நினைத்து அழிக்கும் எதிர்ப்பொருள். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் கிட்டத்தட்ட 30 சதவீதம் பேருக்கு இது வரலாம். பெரும்பாலும் ஃபேக்டர் போட்ட முதல் 50 நாட்களுக்குள் வந்துவிடும். முதல் 50 நாள் என்றால் காலண்டர் நாள் இல்லை, ஃபேக்டர் ஏறிய நாட்களின் கணக்கு. உங்கள் மகனுக்கு இதுவரை எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பழைய சீட்டுகளை வைத்துக் கூட்டிப் பாருங்கள். முழங்கால் 3 முறை வீங்கியதில் கடைசி முறை வழக்கத்தைவிட மெதுவாக வடிந்ததா? வழக்கமான அளவு போட்டும் வலி குறையவில்லையா? அப்படியானால் இன்ஹிபிட்டர் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அப்படி இல்லாவிட்டாலும், புது சிகிச்சை தொடங்குவதற்கு முன் இந்தப் பரிசோதனையை ஒரு முறை செய்துவிடுங்கள். இருந்தாலும் வழி இருக்கிறது. எமிசிஸுமாப் 2017-ல் முதலில் அனுமதி பெற்றதே இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்காகத்தான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஃபேக்டர் என்றால் ரத்தத்திலிருந்து எடுப்பதுதானே, தொற்று வராதா என்று யாராவது கிளப்புவார்கள். 1980-களில் அப்படி ஒரு பெரிய துயரம் நடந்தது உண்மை. உலகம் முழுக்க ஹீமோபிலியா உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் ஃபேக்டர் வழியாக எச்ஐவி, ஹெபடைடிஸ் சி தொற்றுக்கு ஆளானார்கள், பலர் இறந்தும் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு தொகுதியையும் வைரஸ் நீக்கம் செய்வது கட்டாயமானது. ரத்தத்திலிருந்து எடுக்காமல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் ஃபேக்டர் 1990-களில் வந்தது. இன்றைய மருந்தைப் பார்த்து அந்தப் பழைய பயம் வேண்டாம்.

வீட்டிலேயே ஃபேக்டர் போடக் கற்றுக்கொள்ளுங்கள். புதிய ஊசிக்கே மாறினாலும் இது தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு முழங்கால் வீங்கினால், வண்டி பிடித்து, சீட்டுப் போட்டு, காத்திருந்து ஊசி போடுவதற்குள் மூட்டு நிறைந்துவிடும். வீட்டில் என்றால் அரை மணி நேரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் போக விடுங்கள். பொடியில் நீர் சேர்த்ததும் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாகச் சுழற்றினால் கண்ணாடி போலத் தெளியும். துகள் மிதந்தாலோ கலங்கலாக இருந்தாலோ போடாதீர்கள். பட்டர்ஃப்ளை ஊசியைப் பயன்படுத்துங்கள். போட்டு முடித்ததும் பஞ்சை வைத்து 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள். அந்த நரம்பு நாளைக்கும் வேண்டும். தேதி, நேரம், காரணம், எத்தனை யூனிட், குப்பியின் தொகுதி எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் டாக்டருக்கு அந்த நோட்டு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ஃபேக்டர் 8 சுமார் 2 சதவீதம் ஏறும். 16 கிலோ பிள்ளைக்கு 320 யூனிட் போட்டால் 40 சதவீதம் வரை வரும். உங்கள் மகனுக்கு எதற்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். எடை கூடக் கூட அந்தச் சீட்டையும் மாற்றி வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய எடைக்கு எழுதிய அளவையே போட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகள் நிறையப் பேர்.

பிள்ளையிடம் ‘வலிக்காது’ என்று பொய் சொல்லாதீர்கள். ‘சுருக்குனு இருக்கும், அப்புறம் சரியாயிடும்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். இன்றைக்கு எந்தக் கை என்று அவனே முடிவு செய்யட்டும். பிளாஸ்டரைப் பிரிப்பது, பஞ்சை அழுத்துவது எல்லாம் அவன் வேலையாக இருக்கட்டும். இப்படி வளர்கிற பிள்ளைகளில் பலர் 10, 12 வயதில் தங்களுக்குத் தாங்களே ஊசி போட்டுக்கொள்கிறார்கள். நரம்பு கிடைக்கவே இல்லையென்றால் நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்ற, மருந்து ஏற்றும் சின்னக் கருவியை வைக்கும் வழி இருக்கிறது. கிருமித் தொற்று ஆபத்து உண்டு என்பதால் அதை முதல் வழியாக எடுப்பதில்லை.

இப்போது அந்த வலது முழங்கால். மகனைக் கட்டிலில் நேராகப் படுக்க வையுங்கள். இரண்டு முழங்கால்களும் ஒரே மாதிரி முழுசாக நீள்கின்றனவா, வலதுக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கிறதா என்று பாருங்கள். தையல் டேப்பை எடுத்து இரண்டு முழங்காலின் சுற்றளவையும், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே தொடையின் சுற்றளவையும் அளந்து குறியுங்கள். வலது முழங்கால் பெரிதாகவும் வலது தொடை சிறிதாகவும் இருந்தால், மூட்டு இன்னும் ஆறவில்லை, தசையும் மெலிந்துகொண்டிருக்கிறது. மெலிந்த தசை மூட்டைத் தாங்காது, அடுத்த கசிவுக்கு வழி விடும். ஹீமோபிலியா தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இந்தச் சிகிச்சையில் மருந்துக்குச் சமமான பாதி.

கசிவு வரும்போது, முதலில் ஃபேக்டர். பிறகு அந்தக் காலில் எடை போடாமல் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம், கால் சற்று உயரத்தில். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே வைக்காதீர்கள். இதமாக இருக்கும்தான், ஆனால் அப்படியே இறுகி நீட்ட முடியாமல் போகும். வலி தணிந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் சின்னச் சின்ன அசைவுகளை ஆரம்பிக்க வேண்டும். வாரக் கணக்கில் கட்டிலில் கிடத்துவதும் தப்பு.

வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பெரிய பையன்கள் ‘உள்ளே குறுகுறுங்குது’, ‘சூடா இருக்கு’ என்று சொல்வார்கள். 4 வயதில் சொல்லத் தெரியாது. மாடி ஏறமாட்டேன் என்பான், தூக்கச் சொல்வான், ஒரு காலை இழுத்து நடப்பான். அடம் என்று நினைத்துத் திட்டிவிடாதீர்கள். அவன் சொன்னால் நம்புங்கள், போடுங்கள். தேவையில்லாமல் ஒரு முறை போட்டுவிட்டோமே என்றால் போகட்டும், போடாமல் விட்டதைத்தான் திரும்பப் பிடிக்க முடியாது. அடிவயிற்றின் ஓரத்தில், தொடை சேரும் இடத்தில் வலி என்று சொல்லி, இடுப்பை மடக்கியபடியே நடந்தால் அது தசைக்குள் ரத்தம் தேங்குவதாக இருக்கலாம். குடல்வால் பிரச்சினை மாதிரியே தோன்றும். உடனே ஃபேக்டர் போட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

தலையில் நன்றாக அடிபட்டால், அழுகை நின்று விளையாடினாலும் சரி, முதலில் ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். கழுத்து, தொண்டை, வயிறு, கண் இவற்றுக்கும் இதே விதி. அவசரப் பிரிவில் ‘ஸ்கேன் பார்த்துவிட்டுப் போடலாம்’ என்று சொன்னால், சண்டை போட்டாவது முதலில் போட வையுங்கள். கையோடு மருந்தைக் கொண்டுபோவது இதற்காகத்தான். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடவே கூடாது. தடுப்பூசி எதையும் விட்டுவிடாதீர்கள், தசையில் போடாமல் தோலுக்கடியில் போட முடியுமா என்று கேளுங்கள். ஈறில் ரத்தம் வரும் என்று பயந்து பல் துலக்காமல் விடும் வீடுகள் உண்டு. அதனால்தான் ஈறு கெட்டு ரத்தம் கூடுகிறது. இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் பால் பல் விழ ஆரம்பிக்கும், அப்போது ரத்தம் நிற்க ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து உதவும். டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால் மட்டும் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது.

பள்ளிக்கு அனுப்புங்கள். முன்தடுப்பு சிகிச்சையை ஆரம்பித்துவிட்டு, பயமில்லாமல் அனுப்புங்கள். முடிந்தால் மருந்து போடும் நாட்களில் காலையிலேயே போட்டுவிட்டால், ஓடியாடும் நேரத்தில் ஃபேக்டர் அதிகமாக இருக்கும். சின்னக் கீறலில் ரத்தம் கொட்டிப் போய்விடும் என்று ஆசிரியர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை, இவனுக்கு ரத்தத் தட்டணுக்கள் நன்றாகவே இருக்கின்றன, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் கீறல் நின்றுவிடும். வேகமாக ரத்தம் வராது, நிற்கத்தான் நேரமாகும். கவனிக்க வேண்டியது வெளியே தெரியாத கசிவு என்பதை ஆசிரியருக்குப் புரிய வையுங்கள். ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், தலையில் அடிபட்டால் உடனே அழைக்க வேண்டிய எண், கொடுக்கக் கூடாத மாத்திரைகள், நொண்டினாலோ கையைத் தூக்க மறுத்தாலோ அழைக்கச் சொல்லும் ஒரு வரி. இதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். விளையாட்டு நேரத்தில் மூலையில் உட்கார வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உட்கார்ந்தே வளர்ந்த பிள்ளைக்குத் தசை பலம் இருக்காது, எடையும் ஏறும், இரண்டுமே மூட்டுக்குக் கெடுதல். நீச்சல் மிக நல்லது. சைக்கிள் ஓட்டலாம், ஹெல்மெட்டோடு. குத்துச்சண்டை, மல்யுத்தம் போல மோதிக்கொள்ளும் விளையாட்டுகள் மட்டும் வேண்டாம். தடித்த சவ்வு அடங்கும் வரை வலது முழங்காலுக்காகக் குதிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் சொன்ன ஜீன் சிகிச்சை உண்மைதான், வெறும் பேச்சு இல்லை. ஹீமோபிலியா ஏ-வுக்கான முதல் ஜீன் சிகிச்சைக்கு 2022-ல் ஐரோப்பாவிலும் 2023-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் அது வயது வந்தவர்களுக்கு மட்டும். ஜீனைச் சுமந்துபோகும் வைரஸ் கல்லீரலில் போய் உட்காருகிறது. வளர்கிற குழந்தையின் கல்லீரலில் செல்கள் பெருகப் பெருக, வைத்த ஜீன் நீர்த்துப் போகும். பெரியவர்களிலும் வருடங்கள் போகப் போக ஃபேக்டர் அளவு இறங்குவதைப் பார்க்கிறார்கள். ஒரு முறை கொடுத்தால் உடம்பு அந்த வைரஸுக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும், அதையே இன்னொரு முறை கொடுக்கவும் முடியாது. உங்கள் மகன் இளைஞனாகும்போது இதைவிட நல்ல சிகிச்சைகள் வந்திருக்கும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் எது வந்தாலும் ஃபேக்டரைத்தான் கொடுக்கும், தேய்ந்துபோன முழங்காலைத் திருப்பிக் கொடுக்காது. அந்த நாளைக்கு அவன் நல்ல கால்களோடு போய்ச் சேர வேண்டும் என்றால், இப்போது ஆரம்பித்தாக வேண்டும். அண்ணனுக்கு என் பதில் இதுதான்.

‘என்னால்தான் வந்தது’ என்ற பேச்சு. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஃபேக்டர் 8-க்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அது தாயிடமிருந்துதான் வர முடியும். அது இயற்கையின் ஏற்பாடு, இதில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஹீமோபிலியா உள்ளவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்குமே இருந்ததில்லை. ஜீனில் புதிதாக ஒரு மாற்றம் நடந்துவிடுகிறது. அது உங்களில் நடந்திருக்கலாம், உங்கள் தாய் தகப்பனிடம் நடந்திருக்கலாம், மகன் உருவாகும்போதே நடந்திருக்கலாம். நீங்கள் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்தது இல்லை. உங்கள் கணவரை ஒரு முறை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், இதை டாக்டர் வாயால் கேட்க வையுங்கள். வீட்டில் அவர் எடுத்துச் சொன்னால் எடுபடும். ஊசி போடவும் அவரையே கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் மட்டுமே போடத் தெரிந்த வீட்டில் அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் நின்றுவிடுகிறது.

இதே நோயோடு வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்களையும் தேடிப் பிடியுங்கள். கடுமையான ஹீமோபிலியாவோடு வாழ்ந்த ஃபிராங்க் ஷ்னாபெல் என்பவர்தான் 1963-ல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பைத் தொடங்கினார். அவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 17-ஐத்தான் உலக ஹீமோபிலியா தினமாக வைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் அதன் உறுப்பு அமைப்புகள் இயங்குகின்றன. மருந்து தட்டுப்பாடான நாடுகளுக்கு அந்தக் கூட்டமைப்பு நன்கொடையாக மருந்து அனுப்புகிறது. உங்கள் ஹீமோபிலியா சிகிச்சை மையத்தில் கேட்டால் அருகில் இருக்கும் அமைப்பைச் சொல்வார்கள். நான் சொல்லித் தருவதைவிட, 20 வயது மகனை வளர்த்த ஒரு தாய் ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு நிறையச் சொல்லித் தருவார்.

கடைசியாக மகள். அவளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், நான் விட்டுவிட மாட்டேன். நீங்கள் இந்த ஜீன் மாற்றத்தைச் சுமப்பவராக இருந்தால், அவளும் சுமப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. சுமப்பவர்கள் நிறையப் பேருக்கு ஃபேக்டர் அளவே குறைவாக இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெண்களையும் ஹீமோபிலியா உள்ளவர்கள் என்றே இப்போது கணக்கில் எடுக்கிறார்கள். அவளுக்கு 10 வயது, மாதவிடாய் ஆரம்பிக்கும் வயது நெருங்குகிறது. ஃபேக்டர் குறைவாக இருந்தால் முதல் மாதவிடாயிலேயே கட்டுக்கடங்காமல் போகலாம். வீட்டில் அதை ‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறதா, சும்மாவே உடம்பில் நீலம் பாய்கிறதா, பல் விழுந்தபோது ரொம்ப நேரம் நிற்காமல் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அவள் ஃபேக்டர் 8 அளவை இப்போதே ஒரு முறை எடுத்துவிடுங்கள். அளவு நன்றாக இருந்தால், சுமப்பவள் இல்லை என்று அர்த்தமாகாது. அது ஜீன் பரிசோதனையில்தான் தெரியும். அதை அவளுக்கு விவரம் தெரிந்து, அவளே சரி என்று சொல்லும் வயதில் செய்தால் போதும்.

உங்களுக்கும் அதே நாளில் ஃபேக்டர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மகன் பிறந்தபோது பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு பல நாள் நீடித்ததா என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு குழந்தைக்கு யோசித்தால், கர்ப்பமாவதற்கு முன்பே உங்கள் மையத்துக்கு ஒரு முறை போய்ப் பேசிவிடுவது நல்லது. சுமப்பவராக இருந்தால் பிரசவத்தில் ஆயுதம் போடுவதையும் வாக்குவம் வைப்பதையும் தவிர்க்க வேண்டும், அதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இப்போதைக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் சீட்டு வாங்குங்கள்: மகனுக்கு இன்ஹிபிட்டர் பரிசோதனையும் முழங்காலுக்கு அல்ட்ராசவுண்டும், உங்களுக்கும் மகளுக்கும் ஃபேக்டர் 8 அளவு.